தலைக்கு மேலே ஒரு பெரிய மீன்

அத்தியாயம் ஐந்து

“பிள்ளைகளைக் கடத்திட்டுப் போனவ, அதுகளுக்குப் புது சாக்ஸ் வாங்கி மாட்டி விடுவாளா மேடம்?”

மீரான் கேட்டது நான்சியின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் இருந்த தன் ஒற்றை அறை ஆபீஸில், மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு அவள் செல்போனை முறைத்துக்கொண்டிருந்தாள். வீடியோ ஓடியது. முடிந்தது. மறுபடி ஓடியது.

எட்டு வயசு ஷைனி கேமராவில் மூக்கை ஒட்டிக்கொண்டு பேசினாள். “ஞானம்மா, நாங்க பெரிய மீன் பாக்கப் போனோம். தலைக்கு மேல இருக்குமாம். ஆனா பூட்டிட்டாங்க. ஜோயல் அழுதான். நான் அழுகலை. அதான் இங்க வெளையாட வந்துட்டோம். நாளைக்கு மீன் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு அம்மா சொல்லிருச்சு. டாட்டா!”

அவளுக்குப் பின்னால் ஐந்து வயசுத் தம்பி ஜோயல் ஒரு பஞ்சு மெத்தையில் குதித்து விழுந்தான். காலில் ஆரஞ்சு நிறச் சாக்ஸ். அவ்வளவுதான் வீடியோ. நேற்று, வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது.

ஞானம்மா என்று அந்தப் பிள்ளை கூப்பிடுவது புஷ்பமேரியை. ஞானஸ்நானத்தன்று கோயிலில் ஷைனியைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய். நான்சிக்கு அவள் காலேஜ் ஹாஸ்டல் தோழி. ஒரே அறை, ஒரே பக்கெட், பரீட்சை நேரத்தில் ஒரே டம்ளரில் கடுங்காப்பி. இரண்டு பேர் வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவர்கள்தான். நான்சியின் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த வாடையை வைத்து ஹாஸ்டலில் ஒருத்தி கேலி பேசியபோது அவள் சடையைப் பிடித்து இழுத்தவள் மேரி.

அந்த மேரிதான் இன்று காலையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கு சிவக்க அழுதுவிட்டுப் போனாள்.

“பிள்ளைகளோட அம்மா அம்பிகாவுக்குப் புத்தி சரியில்லைடி. திடீர்னு ரெண்டையும் இழுத்துக்கிட்டு ஓடிட்டா. ஜோயலுக்கு வலிப்பு வரும். மாத்திரை தவறுனா ஆபத்து. அவ குடுக்குறதே இல்லை. அப்பாக்காரர் பாவம், அலையாத எடமில்லை. போலீஸ்ல குடும்ப விவகாரம்னு தள்ளி விட்டுட்டாங்க. இந்த வீடியோ புது நம்பர்ல இருந்து வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டா சுவிட்ச் ஆப். நீ ஒருத்திதான் எனக்கு.”

கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைகளின் வண்டவாளத்தைத் தோண்டி எடுப்பதுதான் நான்சியின் பிழைப்பு. பெண்ணைப் பெற்றவன் சொல்வதையும் தோண்டுவாள், பாதிரியார் கொடுக்கும் சர்டிபிகேட்டையும் தோண்டுவாள். மேரி சொன்னதை மட்டும் தோண்டவில்லை. தோழி அழும்போது எவள் மண்வெட்டியைத் தூக்குவாள்?

“என்ன சாக்ஸு சாக்ஸுங்கிறீங்க மீரான்ணே?”

மீரான் அவளைவிடப் பத்து வயசு மூத்தவன். பேகம்பூர்க்காரன். ஆட்டோ ஓட்டுவான், வேவு பார்ப்பான், டீ வாங்கி வருவான். இந்த மூன்றையும் செய்துகொண்டே வாயும் ஆடும். அவன் வீடியோவை நிறுத்தி, ஜோயலின் உள்ளங்காலைப் பெரிதாக்கினான்.

“அடியில வெள்ளை வெள்ளையா பொட்டு தெரியுதா? வழுக்காம இருக்க ரப்பர். ஏசி ஹாலுக்குள்ள பிள்ளைகளை வெளையாட விடுறான்ல, அங்க இந்தச் சாக்ஸ் இல்லாம உள்ள விட மாட்டான். போன தடவை வாங்குனதை எடுத்துட்டுப் போனாலும் ‘பழசு சார்’னு மூஞ்சியைச் சுளிப்பான். எனக்கு மூணு பிள்ளைக. காலாண்டு லீவு விட்டா எங்க வீட்ல காலை விட சாக்ஸ் அதிகம்.”

“நிறம்?”

“கடைக்குக் கடை மாறும். மதுரை மால்ல பச்சை. ஆரஞ்சு நம்ம நாகல் நகர்ல இருக்கிற ‘குட்டி ராஜ்ஜியம்’. அந்த ராஜ்ஜியத்துக்கு நான் கப்பம் கட்டாத லீவு கிடையாது.”

நான்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப மதுரையில இல்லை. திண்டுக்கல்லுக்குள்ளதான் இருக்காங்க.”

“பிள்ளையோட அப்பா மதுரையிலதான் ஆள் போட்டிருக்காருன்னு உங்க ஃபிரெண்டு சொன்னாங்களே?”

“ஆமா. கண்ணாடிக் குகை மாதிரி கட்டி, தலைக்கு மேல மீன் விடுற கண்காட்சி அங்க நடக்குதுல்ல. ‘தலைக்கு மேல பெரிய மீன்’னு ஷைனி சொன்னதைக் கேட்டு அங்க போயி நிக்கிறாங்க. எந்திரிங்க, கப்பம் கட்டப் போவோம்.”

*

குட்டி ராஜ்ஜியத்துக்குள் நுழைந்ததுமே காது அடைத்தது. ஐந்தாறு பிறந்தநாள் வீடுகளை ஒரே அறையில் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். ஒரு அப்பா பிளாஸ்டிக் பந்துக் குளத்துக்குள் இடுப்புவரை புதைந்து தன் மகனின் ஒற்றைக் கம்மலைத் தேடிக்கொண்டிருந்தார். மகனுக்கு எதுக்குக் கம்மல் என்று மீரான் கேட்டதற்கு, “மொட்டை போட்டுக் காது குத்துனதுங்க, நேத்துதான்” என்றார் அழாத குறையாக.

கவுண்டரில் இருந்த யுவராணிக்கு ஷைனியின் முகம் உடனே ஞாபகம் வந்தது. “நேத்து வந்துச்சே! அந்தப் பாப்பா மூஞ்சியெல்லாம் வீங்கி அழுதுட்டு வந்துச்சு. எங்கயோ போயி பூட்டிக் கெடந்துச்சாம். பையன் சமத்து. அந்த அம்மாதான் ஒரு மாதிரி.”

“எப்படி ஒரு மாதிரி?”

“எல்லா அம்மாவும் பிள்ளையப் பாத்து ஒக்காந்து போன் நோண்டுவாங்க. இந்தம்மா கதவைப் பாத்து ஒக்காந்துச்சு. கதவு தொறக்கும்போதெல்லாம் எந்திரிச்சு நிக்கும். நடுவுல போன்ல அலாரம் அடிச்சுச்சு. ஓடிப் போயி பையனைத் தூக்கியாந்து ஒரு மாத்திரை குடுத்து, வாயைத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் விட்டுச்சு. நான்கூட நெனைச்சேன், நம்ம அம்மா இப்படிப் பாத்திருந்தா நானும் டாக்டர் ஆயிருப்பேன்னு.”

வெளியே வந்ததும் மீரான் அவள் முகத்தைப் பார்த்தான். “மாத்திரையே குடுக்க மாட்டான்னு உங்க ஃபிரெண்டு சொன்னாங்களே.”

நான்சிக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் தைத்தது. தைத்த இடத்தைத் தேய்த்து விட்டுக்கொண்டாள். “எப்பவாச்சும் குடுப்பாளா இருக்கும். முதல்ல பிள்ளைக கிடைக்கட்டும்ணே. ஒரு தாயி பிள்ளைகிட்ட ‘நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்’னு சொல்லிருக்கா. இன்னைக்கு அதே எடத்துக்குத்தான் வருவா. அது எந்த எடம்?”

“மீன் குகைதான் நம்ம ஊர்ல இல்லையே.”

“குகை இல்லைண்ணே. யோசிச்சுப் பாருங்க. லீவு நாள்ல, வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகளை வச்சு யாவாரம் பண்ற எவனாச்சும் கதவைப் பூட்டுவானா? இந்தக் குட்டி ராஜ்ஜியம் பூட்டுமா? சினிமா பூட்டுமா? வெள்ளிக்கிழமை பூட்டுற எடம் எது?”

மீரான் தாடையைச் சொறிந்தான். “வெள்ளிக்கிழமை நான் ஜும்மாவுக்குப் போயிருவேன். பூட்டுறவனை எல்லாம் பாக்க மாட்டேன்.”

“மியூசியம்! அரசு மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெளியூர்ல இருந்து பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னு ஏமாறாத ஆளே கிடையாது.”

“மியூசியத்துல எங்கிட்டு மேடம் மீன்? அதுவும் தலைக்கு மேல?”

சொல்லிவிட்டு மீரான் தன் ஆட்டோவைப் பார்க்க நடந்தான். நான்சி பின்னாலேயே போனவள் சட்டென்று நின்றாள். ஆட்டோவின் முதுகில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. லீவு ஆரம்பத்தில் எவனோ வந்து ஒட்டிவிட்டுப் போனது. செம்பட்டி ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்தும் மியூசியம். ‘ராட்சதத் திமிங்கில எலும்புக்கூடு! குழந்தைகளுடன் காண வாரீர்! வெள்ளி விடுமுறை.’ படத்தில் கூரையிலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கியது திமிங்கிலம். அதன் அடியில் அண்ணாந்து பார்த்தபடி ஒரு சின்னப்பிள்ளை.

“மீரான்ணே, உங்க முதுகுலதான் திமிங்கிலம் இருக்கு.”

மீரான் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். “இத்தனை நாளா இதை இழுத்துக்கிட்டா திரிஞ்சேன்? அதான் மைலேஜ் குறையுதேன்னு பாத்தேன்.”

*

மியூசியத்துப் பொறுப்பாளர் ஆண்டிச்சாமி, அரசு மியூசியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாலும் விதிகளை விடவில்லை. “பையை வெளிய வைங்க. செருப்பை இங்க விடுங்க. எதையும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை லீவு” என்று சனிக்கிழமை வந்தவர்களிடமும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

உள்ளே லீவுக் கூட்டம். முதுமக்கள் தாழி முன்னால் நின்ற ஒரு பொடியன், “அப்பா, உள்ள ஆள் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். “இல்லைடா.” “எங்க போயிட்டாங்க?” “டேய், வாடா, கரடி பாக்கலாம்.” ஒரு அம்மா ஆண்டிச்சாமிக்குத் தெரியாமல் முந்தானைக்குள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தச் சரசரப்புக்கு மியூசியத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் திரும்பின.

நடு ஹாலில் கூரையை அடைத்துக்கொண்டு தொங்கியது திமிங்கிலம். அதன் விலா எலும்புகளுக்கு நேர் கீழே, தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள் ஷைனியும் ஜோயலும்.

நான்சியின் உடம்பெல்லாம் ஒரு பெருமை ஓடியது. மதுரையில் ஆள் போட்டவர்கள், போலீஸ், எல்லாரும் கோட்டை விட்டதை அவள் அரை நாளில் பிடித்துவிட்டாள். செல்போனை எடுத்தாள். ஒரு படம். இடத்தின் மேப். ‘உன் பிள்ளைக கிடைச்சாச்சுடி.’ மேரிக்கு அனுப்பினாள். பதில் நொடியில் வந்தது. ‘மாதாவே! அங்கயே புடிச்சு வை. வாரேன்.’

அப்புறம்தான் போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “ஷைனிதானே? நான் உங்க ஞானம்மாவோட ஃபிரெண்டு.”

“ஞானம்மாவா!” ஷைனி துள்ளி எழுந்தாள். “ஜோயல், ஞானம்மா வராங்கடா!”

கதவோரத்து ஸ்டூலில் இருந்து ஒரு பெண் பாய்ந்து வந்தாள். மெலிந்த உடம்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த சுங்குடிச் சேலை. ஒரே இழுப்பில் இரண்டு பிள்ளைகளையும் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். “யாரு நீங்க? யாரு அனுப்புனா?”

“புஷ்பமேரி.”

நான்சி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கடத்தியவள் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வாள்? ஓடுவாள், கத்துவாள். அம்பிகா அப்படியே கண்ணை மூடி, மூச்சை விட்டாள். தலையில் சுமந்து வந்த பாரத்தை இறக்கி வைத்த மாதிரி அவள் தோள் இறங்கியது.

“மேரிக்கா அனுப்புனாகளா? அப்பாடி. எனக்கு உசுரே வந்துச்சு. அவுக எப்படி இருக்காக? என்னால அவுகளுக்கு ஒண்ணும் தொந்தரவு வரலையே?”

அந்த நேரம் பார்த்து அம்பிகாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அலாரம் அடித்தது. அவள் பேச்சை விட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்து, பாட்டில் தண்ணீரோடு ஜோயலுக்குக் கொடுத்து, “ஆ காட்டு” என்றாள். அவன் காட்டினான். நாக்கை மடக்கியும் காட்டினான்.

மீரான் அந்தத் திறந்த வாயிலிருந்து நான்சியின் முகத்துக்குப் பார்வையைத் திருப்பினான். அதுவே நான்சியைப் பயமுறுத்தியது.

“மேரிக்கு எதுக்குத் தொந்தரவு வரணும்?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“அவுக வேலை பாக்குறதே என் வீட்டுக்காரரு ஸ்கூல்லதானே. ரொனால்டு மெட்ரிகுலேஷன்னு கேட்டா வடமதுரை பக்கம் பூரா தெரியும். உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. ‘அப்பாக்காரர் பாவம்’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

அம்பிகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சின்னாளபட்டி நெசவு வீட்டுப் பெண் அவள். ரொனால்டை விரும்பிக் கட்டி, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, பிறந்த வீட்டை இழந்தவள். அவன் கை நீட்டியபோதெல்லாம் பொறுத்தாள். ஒருநாள் ஜோயலைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தான். தலை சுவரில் மோதியது. வலிப்பு அன்றிலிருந்துதான். பிள்ளைகளோடு வெளியேறிக் கேஸ் போட்டாள்.

“திங்கக்கிழமை கோர்ட்டு. பிள்ளைகளோட நான் அங்க நிக்கணும். நிக்கலைன்னா பிள்ளைக அவருக்குன்னு எழுதிருவாகன்னு வக்கீலம்மா சொல்லிருச்சு. அதுவரைக்கும் பிள்ளைகளைக் கையில புடிச்சிரணும்னு அவரு ஆள் விட்டுத் தேடுறாரு. வீடு மாத்தினேன், நம்பர் மாத்தினேன், தெரிஞ்சவுக எல்லாரையும் வெட்டி விட்டேன். ஒத்த ரூம்புக்குள்ள அடைஞ்சு கெடந்தா பிள்ளைக என்ன பண்ணும்? லீவு வேற. வெட்டவெளியில கூட்டிப் போகப் பயம். அதான் ஒரே வாசல் இருக்கிற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போறேன்.”

“எல்லாரையும் வெட்டினவங்க மேரிக்கு மட்டும் ஏன் வீடியோ அனுப்புனீங்க?”

அம்பிகா இதென்ன கேள்வி என்பது போல அவளைப் பார்த்தாள். “ஞானத்தாயாச்சே. பெத்தவ இல்லாத எடத்துல இவதான் தாயின்னு கோயில்ல சாமியார் சொன்னாரே. ஷைனி ஞானம்மாகிட்டப் பேசணும்னு அழுதா. எங்க இருக்கோம்னு மட்டும் சொல்லலை. தெரிஞ்சா அவுக என் வீட்டுக்காரர் முன்னால பொய் சொல்லணும்ல? பாவம், வேலை போயிருமேன்னு சொல்லலை.”

நான்சி பிறவி வேதக்காரி. அவள் வீட்டில் ஞானத்தாய் என்றால் கிறிஸ்துமஸுக்கு ஒரு கவுன், விசேஷத்துக்கு அழைக்கவில்லை என்று ஒரு கோபம், அதோடு சரி. கோயிலில் சாமியார் சொன்னதை முழுசாக நம்பியவள், வெளியிலிருந்து வந்த இந்த ஒருத்திதான். நம்பியதுதான் அவள் செய்த ஒரே தப்பு. அந்தத் தப்பின் நூலைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து, மேப் போட்டுக் கொடுத்தது யார்?

மேரியை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேரி, எங்க இருக்க?”

“வடமதுரையில இப்பத்தான் பஸ் ஏறுனேன்டி. ஒரே கூட்டம். வர நேரமாகும். பிள்ளைகளை விட்றாத.”

அவள் குரலுக்குப் பின்னால் கண்டக்டர் இல்லை, பாட்டு இல்லை, ஹாரன் இல்லை. குளுகுளுவென்று ஒரு அமைதி. அந்த அமைதிக்கு நடுவே ஒரு பெண் குரல் தேனாக ஒலித்தது: “இருநூறு மீட்டரில் இடப்பக்கம் செம்பட்டி சாலையில் திரும்பவும்.”

போன் துண்டிக்கப்பட்டது.

மீரான் மெல்லச் சொன்னான். “மேப்பைப் பாத்து ஓட்டுற பஸ்ஸு வடமதுரை ரூட்டுல எப்ப விட்டாங்க மேடம்?”

நான்சி அம்பிகாவைப் பார்த்தாள். மூடி மறைக்க நேரமில்லை. “உங்களைத் தேடத்தான் என்னை அனுப்புனா மேரி. நான் அவகிட்ட எடத்தைச் சொல்லிட்டேன். ரொனால்டு கார்ல வாராரு. பக்கத்துல வந்துட்டாங்க.”

அம்பிகா கத்தவில்லை. அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான்சிக்குத் தேவலாமாக இருந்திருக்கும். “மேரிக்காவா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் இன்னொரு தடவை, யாரையும் பார்க்காமல், “மேரிக்காவா?” என்றாள்.

“என் ஆட்டோ வாசல்ல நிக்கிது தங்கச்சி. ஏறுங்க, கொண்டு போயி விடுறேன்” என்றான் மீரான்.

அம்பிகா பின்னால் நகர்ந்தாள். “உங்களை நம்பியா? எங்க எறக்கி விட்டீங்கன்னு நாளைக்கு யாரு கேப்பாக, யாருகிட்ட சொல்லுவீங்க? வேணாம்.”

அவள் நேராக ஆண்டிச்சாமியிடம் போனாள். “ஐயா, என் பிள்ளைகளைப் புடுங்கிட்டுப் போக ஆள் வருது. இதுக்குப் பின்னாடி வழி இருக்கா?”

ஆண்டிச்சாமி அவளைப் பார்த்தார், ஜோயலைப் பார்த்தார், சுவரில் ‘ஊழியர் மட்டும்’ என்று தன் கையாலேயே எழுதி ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தார். இடுப்புச் சாவியை எடுத்தார். “ஸ்டோர் ரூம் வழியா தென்னந்தோப்பு. தாண்டினா ரோடு. எதையும் தொட்டுராதீங்கம்மா” என்றார், பழக்கத்தில்.

பின்கதவு வரை நான்சி கூடப் போனாள். எந்தப் பக்கம் போவதாக உத்தேசம் என்று வாய் வரை வந்ததை விழுங்கினாள். ஷைனி மட்டும் திரும்பிப் பார்த்தாள். “ஞானம்மா வரலையா?”

கதவு மூடியது.

*

வெள்ளைக் கார் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய ரொனால்டு, இஸ்திரி கலையாத சட்டையும் சிரித்த முகமுமாக, பரிசளிப்பு விழாவுக்கு வந்தவனைப் போல இருந்தான். “ரொம்ப நன்றி சிஸ்டர். எங்க என் செல்லங்க?” பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனான். “டிக்கெட் எடுங்க சார். செருப்பைக் கழட்டுங்க சார். கூலிங் கிளாஸ் கவுண்டர்ல வைங்க சார்” என்று ஆண்டிச்சாமியின் குரல் கேட்டது. கூலிங் கிளாஸுக்கு விதி கிடையாது. அதை அவர் அப்போதுதான் போட்டார்.

மேரி காரின் மறுபக்கம் நின்றாள். நான்சியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“பஸ்ல கூட்டமாடி?” என்றாள் நான்சி.

“நான்சி, நான் சொல்றதைக் கேளு.”

“காலையில பூரா கேட்டேன். அழுதுகிட்டே சொன்ன. அந்தக் கண்ணீரை எங்கடி புடிச்ச? பி.எட்.ல சொல்லிக் குடுத்தாங்களா?”

“அவரு சொன்னாத்தான் எனக்கு வேலை நிரந்தரம். வருசா வருசம் முழுப்பரீட்சை லீவு விட்டதும் அனுப்பிட்டு, பள்ளிக்கூடம் தொறக்கும்போது எடுப்பாங்க. எடுப்பாங்களா மாட்டாங்களான்னு நான் தூங்காம கெடந்தது உனக்குத் தெரியுமா? எங்க வீட்ல ஒருத்தி படிச்சதுக்கு இதான் லட்சணமான்னு அம்மா கேக்குது. நீ ஆபீஸ் போட்டு ஒக்காந்துட்ட. உனக்கென்ன?”

“எனக்கென்னவா? எங்க வீட்லயும் ஒருத்திதான்டி படிச்சா. படிச்ச படிப்பைக் கொண்டு போயி ஒருத்தன் காலடியில வச்சு, கூடவே ஒரு பச்சப்பிள்ளையையும் வைக்கச் சொல்லி எங்கப்பா அனுப்பலை.”

“அவரு பிள்ளைகளுக்கு அப்பா. கொன்னா போட்டுருவாரு?”

“ஜோயல் தலையைக் கேளு, சொல்லும்.”

மேரி வாயை மூடினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மௌனத்தில் நான்சிக்கு அது விளங்கியது. இதற்கு முன்னால் வரை ஒரு ஓரத்தில், ‘இவளையும் ஏமாற்றியிருப்பான்’ என்று ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. அது அந்த வாசலிலேயே செத்தது.

“ஞானஸ்நானத்துல பிள்ளைக்குப் பதிலா உன்னைத்தானே கேட்டாரு சாமியார்? ‘சாத்தானை விட்டுவிடுகிறாயா?’ன்னு. ‘விட்டுவிடுகிறேன்’னு கோயிலே கேக்கச் சொன்னேல்ல? இப்ப அவன் கார்லயே ஏசி போட்டு வந்து எறங்குற.”

ரொனால்டு வெளியே வந்தான். இப்போது சிரிப்பு இல்லை. சட்டையில் சிலந்தி நூல். “எங்க அவ?”

“தெரியாது” என்றாள் நான்சி.

“பணம் வேணுமா?”

“திமிங்கிலத்துக்கு அடியில படுத்திருந்தாங்க. மேல இருக்கிறதைப் பாத்துக்கிட்டே இருந்தோம், கீழ இருக்கிறது போயிருச்சு” என்றான் மீரான் பவ்யமாக.

ரொனால்டு ஒரு அடி முன்னால் வைத்தான். சிப்ஸ் தின்ற அம்மா முதற்கொண்டு லீவுக் கூட்டம் முழுவதும் வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்ப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அவன் கோபம் திரும்பிப் பக்கத்தில் இருந்தவள்மேல் விழுந்தது. “ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா மிஸ் உனக்கு? இனி ஸ்கூல் பக்கம் வராத.” கதவை அறைந்தான். கார் போய்விட்டது, மேரியை அந்த ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டு.

வெயில் சுள்ளென்று அடித்தது. மேரியின் கைப்பைகூடக் காரோடு போயிருந்தது.

“நான்சி... என்னைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும்...”

“திங்கக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போறேன் மேரி. யாரு என்னை அனுப்புனா, என்ன பொய் சொல்லி அனுப்புனா, யாரு கார்ல வந்து எறங்குனா, எல்லாத்தையும் அம்பிகாவோட வக்கீல் மூலமாச் சொல்லப் போறேன்.”

“என் பேரையுமா?”

“முழுப் பேரா.”

“எங்கயும் வேலை குடுக்க மாட்டாங்கடி எனக்கு. ஹாஸ்டல்ல உனக்காக நான்...”

“அதைச் சொல்லாத!” நான்சி கத்திய கத்தில் ஆண்டிச்சாமி வெளியே எட்டிப் பார்த்தார். “அது ஒண்ணாச்சும் எனக்கு இருக்கட்டும். அதையும் இப்பச் செலவழிச்சிராத.”

அவள் மீரானிடம் சில்லறை வாங்கி, பஸ்ஸுக்கு ஆகும் அளவு மேரியின் கையில் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஹாஸ்டல் மேரி நிற்பாள் என்று பயமாக இருந்தது.

ஆட்டோ திண்டுக்கல்லைப் பார்க்க ஓடியது. மீரான் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

நான்சி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மூடியும் அந்தப் பாழாய்ப்போன மூளை சும்மா இருக்கவில்லை. தோப்பைத் தாண்டினால் ரோடு. அந்நேரத்துக்கு நிலக்கோட்டை பஸ் ஒன்று போனது, ஹாரன் கேட்டது. அம்பிகாவின் சேலை முனையில் மல்லிகைக் காம்பு ஒன்று ஒட்டியிருந்தது. பூக் கட்டுகிற வீட்டில் தங்கியிருப்பாள். தண்ணீர் பாட்டிலில் ஒரு மருந்துக்கடையின் பேர் பாதி தெரிந்தது. இன்னும் இரண்டு துண்டு. இரண்டே துண்டு சேர்ந்தால் தெருவே வந்துவிடும்.

“மீரான்ணே.”

“சொல்லுங்க மேடம்.”

“எதாச்சும் பேசுங்க.”

“என்னத்த?”

“எதையாச்சும். உங்க பிள்ளைக, சாக்ஸு, எதுவானாலும். நிறுத்தாம பேசிக்கிட்டே வாங்கண்ணே. நான் யோசிச்சிரக் கூடாது.”